சுபேதார் இட்ட முட்டை

நாகமலைக்குத் தெற்கே மொக்கையனுக்கு மூன்று ஏக்கர் செம்மண் காடு இருந்தது. வானம் பார்த்த பூமி. ஒரு வருஷம் சோளம், ஒரு வருஷம் நிலக்கடலை, ஒரு வருஷம் ஒன்றுமில்லை. அதை ஒட்டி யாருக்கும் பட்டா இல்லாத புறம்போக்கு கிடந்தது. முழங்காலுக்கு மேல் புல், நடுநடுவே உடைமரம், வெள்வேல், இலந்தைப் புதர். ஆடு மேய்க்கிறவர்கள்கூடப் பாம்புக்குப் பயந்து ஓரத்தோடு போய்விடுவார்கள். மொக்கையன் மட்டும் கூண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவான், காடை பிடிக்க. அதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். தொழில் என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

கைக்குள் அடங்கிப்போகிற சின்னக் காடை அது. முதுகு காய்ந்த புல்லின் நிறம், நெஞ்சில் குறுக்குக் கோடுகள், வெளுத்த கண். காலடி பக்கத்தில் வரும்வரை அசையாமல் கிடக்கும். மிதிக்கப் போகிற நேரத்தில் விர்ரென்று கிளம்பி, இருபது முப்பது அடி தள்ளி விழுந்து, புல்லுக்குள் காணாமல் போய்விடும். அதில் இரண்டு விதம் இருப்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஒன்று கொஞ்சம் பெரியது, தொண்டையும் மார்பும் கரி பூசினாற்போல் கறுப்பு. மழைக்காலத்தில் புல்லுக்குள் நின்றுகொண்டு, தூரத்தில் யாரோ மோட்டார்சைக்கிள் ஓட்டுகிற மாதிரி விடாமல் முழங்கும். இன்னொரு கறுப்புத் தொண்டையைக் கண்டால் சண்டைக்குப் பாயும். மற்றது சிறியது, தொண்டை வெளுப்பு, வாயே திறக்காது. முட்டைமேல் உட்கார்ந்திருப்பது எப்போதும் அதுதான். அதட்டுவது சேவல், அடைகாப்பது பொட்டை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் ஊர் நினைத்தது. மொக்கையனும் அப்படித்தான் நினைத்தான்.

அந்தச் சண்டைக் குணத்தை வைத்துத்தான் பிடிப்பதே. மூங்கில் சிம்பில் செய்த கூண்டில் ஒரு கறுப்புத் தொண்டையை அடைத்துப் புல்லுக்குள் வைத்துவிட வேண்டும். அது முழங்கும். தன் எல்லைக்குள் வந்து முழங்குவது யார் என்று பார்க்க வெளியே இருக்கிற கறுப்புத் தொண்டை ஓடிவந்து கூண்டில் மோதும். மோதினால் நூல் அறுந்து, அது நுழைந்திருக்கிற பக்கத்து அறையின் கதவு விழும். மொக்கையன் வைத்திருந்த காடைக்குச் சுபேதார் என்று பெயர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் மிரட்டிக்கொண்டிருந்த ஒருவரின் ஞாபகமாக வைத்த பெயர்.

இந்த வேலையிலும் அவன் ஒரு நியாயம் வைத்திருந்தான். அடையில் உட்கார்ந்ததைத் தொடமாட்டான். "நான் சேவலத்தானப்பா பிடிக்கிறேன். தாயும் குஞ்சும் பொழச்சுக்கிரும்" என்று யார் கேட்டாலும் சொல்வான். கேட்காதவர்களிடமும் சொல்வான்.

பிடித்ததை ஆரப்பாளையத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஜலாலிடம் கொடுப்பான். ஜலாலின் மனைவி மெஹருன்னிசாதான் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து காடைகளைச் சுத்தம் செய்வாள். அவள் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தாள், கறுப்புத் தொண்டையின் வயிற்றைக் கீறினால் முட்டைக்கரு கொத்துக் கொத்தாக வருகிறது, காலில் பின்விரல் வேறு இல்லை, இது என்ன காடை என்று. "மதினி கோழிக் குடலையும் காடைக் குடலையும் கலந்து போட்டுப் பாத்திருக்கும்" என்று மொக்கையன் சிரித்துவிட்டான். அவனுக்கு அப்போது அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

அவன் மனைவி முத்துத்தாய் பள்ளி இறுதி வரை படித்தவள். இரண்டாவது பிள்ளை தவசி பிறந்தபோது மூன்று நாள் வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மாட்டுவண்டியில் போட்டு, மெயின் ரோட்டுக்கு வந்து, லாரியை மறித்து மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவளுக்கு நினைவு இல்லை. அவளும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டே ஒன்று சொன்னாள்: "நம்ம பக்கத்துல ஒரு நர்ஸ் இருந்திருந்தா இம்புட்டு இல்ல." அடுத்த வருஷம் கிராமத்து நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனுப் போட்டாள். கிடைத்துவிட்டது. மதுரையில் விடுதியில் தங்கி ஒன்றரை வருஷம் படிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு வீட்டுக்கு விடுவார்கள். போகலாமா என்று அவள் கேட்டபோது, "போய்ட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று மொக்கையன் ஒரு நொடியில் சொல்லிவிட்டான். சொல்வதற்கு ஒரு நொடி போதும் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் அவள் போனாள். மூத்தவள் சோணையம்மாளுக்கு நாலு வயது, தவசிக்கு ஒன்றரை. மொக்கையன் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான், குழைந்தது பாதி, வேகாதது பாதி. மகளுக்குச் சடை பின்னினான். அது ஊர் எல்லைக்குப் போவதற்குள் அவிழ்ந்துவிடும். பிள்ளை நனைத்த துணிகளைக் கிணற்றடியில் அலசும்போது தண்ணீர் இறைக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆண்கள் வாயைப் பொத்தவில்லை. காடை மொக்கை என்று இருந்தவனை 'ஆத்தா மொக்கை' ஆக்கிவிட்டார்கள். டீக்கடையில் யாராவது ஒருவன், "ஆத்தா, பால் இருக்கா" என்பான். பெஞ்சே குலுங்கும். அவனும் கூடச் சிரிப்பான். வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதும்போது கண்ணீர் வந்தால் புகைமேல் பழி போடலாம்.

ஆவணி முதல் ஞாயிறு முத்துத்தாயின் அண்ணன் உக்கிரபாண்டி வந்தார். பெயருக்கு ஏற்ற ஆள். வாசலில் மொக்கையன் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலில்கூட உட்காராமல் பேசினார்.

"மாப்ள, போதும். எங்க போனாலும் ஒன்னப் பத்தித்தான் பேச்சு. எனக்குத் தலை நிமிர முடியல. அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி கட்டிக்கிட்டு வாரேன். தங்கச்சி இந்த வீட்ல இருக்கணும். இல்லேன்னா பிள்ளைக ரெண்டும் என் வீட்டுக்கு வந்துரும்."

"இன்னும் பத்து மாசந்தான் மச்சான்."

"ஆம்பள வளத்த பிள்ளை எது உருப்பட்டிருக்கு, சொல்லு பாப்பம்."

மொக்கையன் முறத்தில் கல்லைப் பொறுக்கினான். பிள்ளைகள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டால் முத்துத்தாய் அங்கே ஒரு நாள்கூடப் படிக்கமாட்டாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள் என்பது உக்கிரபாண்டிக்கும் தெரியும், மொக்கையனுக்கும் தெரியும். எப்படிப் பார்த்தாலும் படிப்பு போய்விடும்.

அந்த வாரம் தவசிக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள் மொக்கையன் சரியாகச் சாப்பிடவில்லை, களை எடுக்கப் போகவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளை கொஞ்சம் தேறியதும், இரண்டு பேரையும் காட்டுக்குக் கூட்டிப்போய், உடைமரத்தில் சேலையைத் தூளியாகக் கட்டி அவனைப் போட்டுவிட்டு, மரத்தடியிலேயே உட்கார்ந்து இன்லண்டு லெட்டரில் எழுதினான். எழுத்து அவனுக்கு உழவைவிடக் கஷ்டம். 'முத்துத்தாயிக்கு, பிள்ளைகள் சுகம். படிப்பை விட்டுட்டு வந்திரு. என்னால் முடியவில்லை. மொக்கையன்.' அவ்வளவுதான். ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் ஆரப்பாளையத்துக்குப் போகிற வேலை இருந்தது. அங்கே தபால்பெட்டியில் போட்டுவிடலாம்.

எழுதின மரத்திலிருந்து நாலு எட்டு தள்ளி, ஒரு புல் கொத்தின் அடியில் காடைக் கூடு இருந்தது. பத்து நாளாக அவன் பார்த்து வருகிற கூடு. புல்லை மேலே வளைத்துக் கூரை மாதிரி போட்டு, உள்ளே நாலு முட்டை. வெளுத்த தொண்டைக்காரி வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து இரை பொறுக்கப் போவதே கொஞ்ச நேரம்தான். மாற்றிவிட ஆள் வந்து ஒரு நாளும் அவன் பார்த்ததில்லை. அந்தக் கறுப்புத் தொண்டை அப்பன், வாய்க்கால் கரையில் நின்று முழங்கிக்கொண்டிருந்தானே தவிர இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "ஓம் புருசன் வரமாட்டான் ஆத்தா. சத்தத்தோட சரி" என்று மொக்கையன் அவளிடம் சொன்னான். உலகத்தில் தன்னைப் போலத் தனியாக மாட்டிக்கொண்டது அவள் ஒருத்திதான் என்று அவனுக்குப் பட்டது. அவளாவது பெண்ணாகப் பிறந்தவள், அவளுக்கு அது முடிகிறது என்றும் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவன் ஏறியதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இடுப்பில் தவசி, கையைப் பிடித்துக்கொண்டு சோணை, தோளில் ஐந்தாறு காடைகள் இருந்த கூடை, மறு கையில் சுபேதாரின் கூண்டு. வீட்டில் விட்டால் பூனை தின்றுவிடும் என்று அதையும் தூக்கிக்கொண்டான். அன்று சுபேதார் சரியாக இல்லை. முழங்காமல் மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நோய் வந்துவிட்டதோ என்று அவனுக்குக் கவலை. அந்தக் கவலையிலேயே தபால்பெட்டியைத் தாண்டி வந்துவிட்டான். திரும்பிப் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனான்.

மெஹருன்னிசா முதலில் தவசியைத்தான் வாங்கினாள். பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள், கஞ்சியில் உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொன்னாள். அதை ஊட்டிக்கொண்டே கூண்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்க" என்று ஜலாலைக் கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது. "ஒங்க தம்பியோட சுபேதாரு முட்டை போட்டிருக்காரு."

மொக்கையன் நம்பவில்லை. கூண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். பழைய சாக்குத் துண்டின்மேல் பெரிய இலந்தைப்பழம் அளவில் ஒரு முட்டை, சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக. பக்கத்தில் கறுப்புத் தொண்டையோடு சுபேதார் நின்றுகொண்டிருந்தது. உடம்பு லேசாகிவிட்டது போலிருக்கிறது, அவனைப் பார்த்து ஒரு முழக்கமும் போட்டது.

ஜலால் அடுப்பை விட்டு வந்து பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, மூணு வருசமா பொட்டையப் பட்டாளத்துல சேத்து வச்சிருக்கியே. மீசையப் பாத்து மோசம் போயிட்டியே."

"ரெண்டு தரம் சொல்லி விட்டேன்ல" என்றாள் மெஹருன்னிசா. "நீ கொண்டு வந்த கறுப்பு அம்புட்டும் பொட்டைதான். நாந்தான அறுத்துப் பாக்குறேன்."

மொக்கையனுக்கு முதலில் வந்தது வெட்கம். அடுத்து வந்தது பயம். சேவலைத்தான் பிடிக்கிறேன், தாய் பிழைக்கட்டும் என்று ஊர் பூராவும் பீற்றிக்கொண்டு, முட்டை சுமந்த வயிறுகளாகவே இத்தனை வருஷம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். அவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அப்போது மெஹருன்னிசா, பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்: "இது பொட்டைன்னா, காட்டுல அடையில ஒக்காந்திருக்கே ஒன்னு, தொடமாட்டேன் தொடமாட்டேன்ம்பியே, அது யாரு?"

மொக்கையன் கூண்டிலிருந்த முட்டையைத் திரும்பப் பார்த்தான். வெயிலில் வாயைத் திறந்துகொண்டு, மாற்றிவிட ஆள் இல்லாமல், பத்து நாளாக அசையாமல் உட்கார்ந்திருந்தது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. 'ஆத்தா' என்று கூப்பிட்டானே, அது ஆத்தா இல்லை. அப்பன்.

"என்னப்பா, அழுகுற" என்றார் ஜலால், சிரிப்பை நிறுத்திவிட்டு.

"ஒன்னுமில்லண்ணே. ஒரு ஆளத் தப்பாப் பேசிப்புட்டேன்" என்றான் மொக்கையன்.

கொண்டுவந்த கூடையைக் கொடுக்காமலே திரும்பத் தூக்கிக்கொண்டான். ஜலாலுக்கு அன்றைக்குக் காடை வறுவல் போயிற்று. ஆனாலும் கூடையை அவன் தோளில் ஏற்றிவிட்டார். மெஹருன்னிசா பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் தபால்பெட்டி சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. மொக்கையன் அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றான். கை இரண்டிலும் பிள்ளையும் கூண்டும். எதையாவது கீழே வைத்தால்தான் கடிதத்தை எடுக்க முடியும். அவன் எதையும் கீழே வைக்கவில்லை.

சாயங்காலம் புறம்போக்கில் சுபேதாரையும் மற்றவற்றையும் திறந்துவிட்டான். சுபேதார் போகாமல் கொஞ்ச நேரம் அவனை முறைத்துவிட்டுத்தான் போயிற்று. கூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெளுத்த தொண்டைக்காரனை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தான். மெலிந்துபோன சின்ன உடம்பு. முட்டைகள் அதன் வயிற்றைவிட அகலமாக இருந்தன, இறகை விரித்துத்தான் மூடியிருந்தது. அதற்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. பொட்டைக் காடை வேறு எங்கே போகிறது, இன்னும் எத்தனை கூட்டில் முட்டை இடுகிறது என்பதெல்லாம் காடைகளின் குடும்ப விவகாரம். அதை மனிதர்மேல் ஏற்றிப் பார்த்தால் வம்புதான் வரும். மொக்கையன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டான்: ஆம்பிளையால் முடியும்.

ஞாயிறு காலை உக்கிரபாண்டி சொன்னபடி வண்டியோடு வந்தார். மொக்கையன் வாதாடவில்லை. "ஒரே ஒரு தரம் காட்டுக்கு வாங்க மச்சான். அப்பறம் ஒங்க இஷ்டம்" என்று கூட்டிப் போனான். முதல் நாள்தான் குஞ்சு பொரித்திருந்தது. வண்டுகள் மாதிரி நாலு குஞ்சுகள், அப்பனின் காலடியிலேயே ஓடிக்கொண்டிருந்தன. அது ஒரு புழுவை அலகில் பிடித்து நீட்டும். ஒன்று வந்து வாங்கிக்கொள்ளும். உக்கிரபாண்டியின் செருப்புச் சத்தம் கேட்டதும் குஞ்சுகள் புல்லில் மறைந்துவிட்டன. அப்பன் ஓடவில்லை. அத்தனை சிறிய உடம்பை உப்பிக்கொண்டு, அந்தப் பெரிய செருப்புக்கு எதிரில் வந்து நின்றது.

மொக்கையன் எல்லாவற்றையும் சொன்னான். சுபேதாரைப் பற்றி, முட்டையைப் பற்றி, தான் ஏமாந்ததைப் பற்றி.

"ஆம்பள வளத்த பிள்ளை ஒன்னு சொல்லச் சொன்னீங்க. இங்க நாலு இருக்கு. பிள்ளைக எங்கிட்டத்தான் இருக்கும் மச்சான். முத்துத்தாயி படிச்சு முடிச்சுட்டுத்தான் வருவா."

"குருவியப் பாத்துக் குடும்பம் நடத்துறவன நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் உக்கிரபாண்டி. ஆனால் செருப்பைப் பின்னால் எடுத்துவைத்தார். வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர், ஒன்றரை வருஷம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மொக்கையன் மறுநாள் டீக்கடைக்குப் போனபோது ஒருவன் "ஆத்தா, பால் இருக்கா" என்றான். "இருக்கு, செம்பு கொண்டா" என்றான் மொக்கையன். பெஞ்சு குலுங்கியது. அந்தத் தடவை அவன் சிரிப்பு நிஜமான சிரிப்பு.

அடுத்த ஞாயிறு முத்துத்தாய் வந்தபோது அவன் எல்லாக் கதையும் சொன்னான், கடிதத்தைத் தவிர. அது சட்டைப்பையிலேயே கிடந்து அவள் துவைத்ததில் கரைந்து போயிருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டான். அதை நினைக்காமல் இருப்பதுதான் அவனுக்கு நிம்மதி. எண்பதாம் வருஷம் அவள் படித்து முடித்தாள். மூன்று கிராமங்களுக்கு அவள்தான் நர்ஸ். சைக்கிளில் போனாள். மொக்கையன் அதற்கப்புறம் காடை பிடிக்கவில்லை. கூண்டில் கோழிக்குஞ்சை அடைத்தான்.

எண்பத்தைந்தில் உக்கிரபாண்டியின் மகளுக்கு அவர் வீட்டில் முதல் பிரசவம். மத்தியான வெயிலில் ஆள் ஓடிவந்தது. முத்துத்தாய் முன்னால் சைக்கிளில் போக, மொக்கையன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். பிள்ளை பிறந்தது, ஆனால் அழவில்லை. உடம்பு நீலம். உள்ளே முத்துத்தாய் பிள்ளையின் வாயைத் துடைத்து, சளியை உறிஞ்சி எடுத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம், வெளியே உக்கிரபாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள" என்றார். "அன்னைக்கு நான் பிள்ளைகளத் தூக்கிக்கிட்டுப் போயிருந்தேன்னா..." மொக்கையனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு மச்சான்" என்றான் மொக்கையன். "எங்க ஊர்ப் பக்கம் வந்தா புறம்போக்கப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க."

உள்ளேயிருந்து முத்துத்தாய் தொப்புள்கொடி கட்ட இன்னொரு நூல் வேண்டும், பையின் அடியில் இருக்கும், எடுத்துத் தாருங்கள் என்று குரல் கொடுத்தாள். மொக்கையன் பையைக் கவிழ்த்தான். நூலோடு ஒரு இன்லண்டு லெட்டரும் விழுந்தது. மடிப்பெல்லாம் நைந்து, நீலம் வெளுத்து, தன்னுடைய கோணல் எழுத்து. நூலைக் கொடுத்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். ஆறு வருஷம். ஆறு வருஷமும் அவள் இதைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறாள்.

கை கழுவிவிட்டு வந்த முத்துத்தாய் அவன் முகத்தையும் கடிதத்தையும் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான் அவன். "கிழிச்சுப் போட்டுருவமா?"

"எதுக்குக் கிழிக்கணும்? அன்னைக்குச் சட்டை தொவைக்கையில படிச்சுட்டு அழுதேன், நெசந்தான். பெறவு மேல பாத்தேன், தபாலாபீஸ் முத்திரை இல்ல." அவள் அதை வாங்கி, மடிப்புப் பார்த்து மடித்தாள். "முடியலேன்னு எழுதியும் போடாம இருந்தீங்கள்ல, அதாங்க எனக்குச் சர்ட்டிபிகேட்டு. மதுரையில குடுத்ததப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன். இதத்தான் கூடக் கொண்டுட்டுப் போறேன்."

கடிதத்தைப் பையின் அடியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுட்டுவிட்டதா என்று கேட்டாள். மொக்கையன் போய் அடுப்பை ஊதினான். கண்ணீர் வந்தது. இந்தத் தடவை அவன் புகைமேல் பழி போடவில்லை.